திருகோணமலையில் வாங்கிய கப்பிபாரா பொம்மையும் அதன் தேவையற்ற வாலும்

பேத்தியின் ஏழாவது பிறந்தநாளுக்காகத் திருகோணமலை நகரிலுள்ள ஒரு விளையாட்டுப் பொருட்கடையில் 3,200 ரூபாய் கொடுத்துக் கப்பிபாரா பஞ்சுப் பொம்மை ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் அதனை ஒரு பெரிய எலி என்று அறிமுகப்படுத்தியதும் பேத்தி முகத்தைச் சுளித்தாள். ஆயினும் அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. தென்னமெரிக்காவின் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் இவ்விலங்கு, எலி, அணில் போன்ற கொறித்துத் தின்னும் கொறிணிகள் இனத்தில் இன்று உயிரோடிருப்பவற்றுள் மிகப் பெரியது. வளர்ந்த ஒன்று 50 கிலோவைத் தாண்டுவதும் உண்டு.

பொம்மையின் பீப்பாய் போன்ற உடலும், குட்டைக் கால்களும், மழுங்கிய கனத்த மூஞ்சியும், உலகத்தில் எதற்கும் அவசரமில்லை என்பதுபோல் அரைவாசி மூடிய கண்களும் நன்றாகவே அமைந்துள்ளன. கண்களையும் காதுகளையும் பொருத்திய இடந்தான் பிழை. கரடிப் பொம்மைக்கு வைப்பதுபோல் கண்களை முகத்தின் முன்புறத்திலும் காதுகளைப் பக்கங்களிலும் தைத்திருக்கிறார்கள். உண்மையான விலங்குக்குக் கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் மேல்விளிம்பை ஒட்டியே இருப்பதால், உடல் முழுவதையும் நீருக்குள் அமிழ்த்திக்கொண்டு கரையைக் கவனித்தபடி மூச்சுவிட அதனால் முடிகிறது. நீரை நம்பி வாழும் விலங்கின் உருவத்தில் இதைத் தவறவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

பின்புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வால் வேறு. கப்பிபாராவுக்கு வெளியே தெரியும் வால் கிடையாது. பேத்தியின் அனுமதியோடு அதைக் கத்தரித்துத் தைத்துவிட்டேன். முன்காலில் நான்கும் பின்காலில் மூன்றுமாக, இடையே சிறிது சவ்வுடன் இருக்கவேண்டிய விரல்கள் நான்கு காலிலும் ஐந்தைந்தாக உள்ளன. உண்மையான உரோமம் தும்புபோல் முரடாகவும் ஐதாகவும் இருக்கும். பொம்மையினதோ பட்டுப்போல் மென்மையானது. இதை மட்டும் குறையாகச் சொல்லமாட்டேன், கால்மிதியைக் கட்டிக்கொண்டு எந்தப் பிள்ளையும் உறங்காது.

எல்லோருக்கும் நண்பன் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது பாதி உண்மை. பத்து இருபதாகக் கூட்டமாய் வாழ்வதும், முதுகில் பறவைகள் அமர்ந்தாலும் பொருட்படுத்தாதிருப்பதும் அதன் இயல்பே. ஆனால் ஜாகுவாரும் அனகொண்டாவும் வேட்டையாடும் விலங்கு அது. ஆபத்தைக் கண்டதும் நாய்போல் குரைத்துக் கூட்டத்தை எச்சரித்துவிட்டு நீருக்குள் பாய்ந்துவிடும். ஓயாமல் வளரும் அதன் வெட்டுப்பற்களும் விளையாட்டுக்கானவை அல்ல. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் அமைதியாய் நிற்பதைக் கண்டு அவற்றை வளர்ப்புப் பிராணிகள் என்று எண்ணுவோர் செய்யும் பிழையும் இதுதான்.

தலையில் ஒட்டியெடுக்கக்கூடிய ஒரு தோடம்பழமும் உண்டு. ஜப்பானிய விலங்குக்காட்சிச் சாலைகளில் குளிர்காலத்தில் கப்பிபாராக்களை வெந்நீரில் இறக்கி, எலுமிச்சை இனப் பழங்களை மிதக்கவிடும் வழக்கத்திலிருந்து வந்த அலங்காரம் இது. தென்னமெரிக்கக் காட்டில் எந்தக் கப்பிபாராவும் தலையில் பழத்தைச் சுமந்து திரிவதில்லை.

தையல் உறுதியானது, கண்கள் பிளாஸ்டிக்கினால் அன்றி நூலால் தைக்கப்பட்டிருப்பதால் சிறு பிள்ளைகள் பிடுங்கி விழுங்கும் அச்சமில்லை. ஒருமுறை கழுவியதில் நிறம் போகவில்லை, ஆனால் உள்ளே காய இரண்டு நாள் வெயில் தேவைப்பட்டது. விலையில் ஐந்நூறு ரூபாய் கூடுதல் என்றே நினைக்கிறேன். கப்பிபாராக்கள் வெந்நீரில் கிடக்கும் படமொன்றைப் பார்த்ததிலிருந்து பொம்மையைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று பேத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்; சூடான நீரில் கழுவக்கூடாதென்று துணிப்பட்டியில் எழுதியிருப்பதை இன்னும் அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை.