நான்ஸ்டிக் வாணலி: எது எத்தனை நாள் தாங்கும்?

கடையில் கிரானைட், மார்பிள், டைட்டானியம், வைரம் என்று பெயருக்குக் குறைவில்லை. கிரானைட் வாணலியில் கல்லைத் தேடாதீர்கள். பெரும்பாலும் கல்போலத் தெரியத் தெளித்த புள்ளிகள்தான் இருக்கும். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே இருப்பது அநேகமாக இரண்டில் ஒன்று. டெஃப்லான் என்ற வணிகப் பெயரால் எல்லோருக்கும் தெரிந்த பி.டி.எஃப்.இ. பூச்சு, அல்லது செராமிக் என்று விற்கப்படும் சிலிக்கா பூச்சு. எது என்று அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும்.

பி.டி.எஃப்.இ. நன்றாக வழுக்கும், நெடுநாள் வழுக்கும். ஆனால் சூடு தாங்காது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மெல்லச் சிதையத் தொடங்கும். 350 டிகிரியை நெருங்கினால் வேகமாகச் சிதைந்து புகை விடும். அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல்போன்ற உபாதை தரும், கூண்டுப் பறவைகளைக் கொன்றேவிடும். மெல்லிய வாணலியை வெறுமையாகப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 260-ஐ எட்டிவிடும்.

செராமிக் இந்த விஷயத்தில் மேல். அதிகச் சூட்டிலும் அந்தப் புகை வராது. புதிதில் பி.டி.எஃப்.இ.க்குச் சளைக்காமல் வழுக்கும். ஆனால் அந்த வழுக்கல் சீக்கிரம் போய்விடும். மேற்பரப்பின் நுண்ணிய வெடிப்புகளில் எண்ணெய் புகுந்து கருகும், பிறகு முட்டை விடாப்பிடியாக ஒட்டும். ஒரே அளவு பராமரிப்பில் பி.டி.எஃப்.இ. வாணலிதான் அதிக நாள் உழைக்கும். தீயைக் குறைத்துச் சமைக்கும் பழக்கம் இருப்பவருக்கு அதையே பரிந்துரைக்கலாம். பறவை வளர்ப்பவர்கள் மட்டும் செராமிக்கை எடுத்துக்கொள்வது நல்லது. 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்ற முத்திரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது பூச்சு தயாரிக்கும்போது பயன்பட்ட துணைப்பொருள். பெரிய தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பி.டி.எஃப்.இ.யே வேண்டாம் என்பவர்கள் 'பி.டி.எஃப்.இ. இல்லை' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூச்சைவிட முக்கியம் அடியின் தடிமன். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த அலுமினிய அடியில் தீ படும் இடம் மட்டும் கொதிக்கும், பூச்சும் அங்கேயே முதலில் சாகும். அடி வளைந்தும் போகும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். ஒரு அளவுகோலை அடியில் வைத்துப் பார்த்தால் தட்டையா என்று புரிந்துவிடும். இண்டக்ஷனுக்கு வாங்கினால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். ஒட்டும் எஃகுத் தகடு அடியை முழுதும் மறைத்திருந்தால் சூடு சீராகப் பரவும். கைப்பிடியை ஆணியடித்துப் பொருத்தியிருந்தால், ஆணித்தலைகள் உள்ளே துருத்தும் இடத்தில் அழுக்கு சேரும், பூச்சும் அங்கிருந்து பெயரலாம். திருகு வைத்த கைப்பிடி அவ்வப்போது தளரும். முடுக்கினால் தீர்ந்தது.

பூச்சு ஏன் பெயர்கிறது? எதிலும் ஒட்டாத பொருளை அலுமினியத்தில் மட்டும் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. 1938-இல் கண்டுபிடிக்கப்பட்ட பி.டி.எஃப்.இ. 1950-களில்தான் வாணலிக்கு வந்தது. இந்தச் சிக்கலும் அதற்கு ஒரு காரணம். உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அந்தக் குழிகளில் அடிப்பூச்சு இறுகப் பிடிக்குமாறு செய்கிறார்கள். அதன்மேல்தான் மற்ற அடுக்குகள். ஓரிடத்தில் பிடி விட்டால் உப்பும் புளிப்பும் ஈரமும் உள்ளே நுழைந்து அலுமினியத்தை அரிக்கும், பூச்சு கொப்புளமாக எழும்பும். சமைத்த புளிப்பான உணவை வாணலியிலேயே விட்டுவைக்கக் கூடாது என்பது இதனால்தான். பாத்திரம் கழுவும் இயந்திரமும் இதே வேலையைச் செய்கிறது. அதன் சோப்பில் உள்ள காரம் பூச்சில்லாத ஓரத்து அலுமினியத்தைக் கருக்கி அரிக்கும். 'இயந்திரத்தில் போடலாம்' என்று அட்டையில் இருந்தாலும் கையால் கழுவுங்கள்.

சூட்டைக் கணிக்கக் கருவி வேண்டாம். சிறிதளவு வெண்ணெய் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் சரி, மெல்லப் பொன்னிறமானாலும் சரி, உடனே கருகினால் தீ அதிகம். எண்ணெய் புகைந்தால் பூச்சு எல்லையை நெருங்கிவிட்டது, அடுப்பை அணைத்துவிடுங்கள். தீச்சுடர் அடியின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கச் சுவரில் எண்ணெய் கருகி ஒட்டும், கைப்பிடியும் வேகும். சூடான வாணலியில் குளிர்ந்த நீர் ஊற்றுவதும் பெரிய தவறு. அடி திடீரென்று சுருங்கி வளைந்துவிடும், பிறகு எந்த அடுப்பிலும் சமமாக உட்காராது.

இரும்புக் கரண்டி வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 'உலோகக் கரண்டி தாங்கும்' என்று விற்பவற்றில் கடினத் துகள்கள் கலந்திருக்கும். கீறல் ஆழம் குறையுமே தவிர, வழுக்கும் மேலடுக்கு எப்போதும் மென்மையானதுதான். தேய்ப்பதற்கு மென்மையான ஸ்பாஞ்ச் போதும். வெள்ளையாக, மிருதுவாகத் தோன்றும் மெலமின் ஸ்பாஞ்ச்கூட உராய்பொருள்தான். அடுக்கி வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு துணி.

ஒட்டத் தொடங்கிய வாணலியைத் தூக்கிப்போடும் முன் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்போ பழுப்பு நிறமோ தெரிந்தால் பூச்சு போகவில்லை. எண்ணெய் வார்னிஷ்போல இறுகி அதை மூடியிருக்கிறது. ஸ்ப்ரே எண்ணெய் பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி நேரும், அதில் கலந்த லெசித்தின் சீக்கிரம் இறுகிவிடும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து வாணலியில் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து, தானாக ஆறிய பின் மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, கழுவித் துடைத்து, சில துளி எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். படலம் தடிமனாக இருந்தால் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். அலுமினியம் வெளியே தெரிகிற இடத்தில் சோடாவை ஊறவிடாதீர்கள், கருத்துவிடும்.

பூச்சு கொப்புளித்தாலோ உரிந்தாலோ இந்த வைத்தியம் உதவாது. எண்ணெயில் பழக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். அது இரும்பு வாணலிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. உரிந்த துகள் உணவில் கலந்து வயிற்றுக்குள் போயிருந்தால் பயப்பட வேண்டாம், செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். வாணலியை மட்டும் மாற்றிவிடுங்கள்.