முதல் வாரமே ஸ்பாரிங்கில் இறக்கிவிடும் எம்எம்ஏ ஜிம்மில் சேராதீர்கள்

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டான எம்எம்ஏவைக் கற்றுக்கொள்ள இடம் தேடுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சேர்ந்த ஜிம்மில் ஆறு மாதக் கட்டணத்தை முதல் நாளே மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "பார்த்தா வராது, இறங்கினாத்தான் வரும்" என்றார் கோச். அந்தப் பேச்சில் மயங்கிவிட்டேன்.

அடிபடாமல் கீழே விழுவது எப்படி என்றுகூடச் சொல்லித்தரவில்லை. மூன்றாவது வகுப்பிலேயே, இரண்டு வருடம் பழகியவரோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. கையில் போட்டிக்கான 4 அவுன்ஸ் கிளவுஸ். எதிராளியைப் பிடிக்க வசதியாக விரல்கள் வெளியே தெரியும், பஞ்சும் குறைவு. குத்திப் பழகும்போது 16 அவுன்ஸ் கிளவுஸ் போடுவதுதான் வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது.

தாடையில் ஒரு குத்து. காது அடைத்தது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, குமட்டியது. "இதெல்லாம் சகஜம், தண்ணி குடிச்சிட்டு வா" என்று அடுத்த சுற்றுக்கும் அனுப்பினார். என் கோபமெல்லாம் இந்த ஒரு வார்த்தையின் மேல்தான். இந்த விளையாட்டில் குத்து விழத்தான் செய்யும். ஆனால் மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி இறக்கக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மவுத்கார்டு பல்லைத்தான் காக்கும், மூளையை அல்ல.

மூன்று வாரம் தலைவலி. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போய் மீதிப் பணத்தைக் கேட்டேன். சேரும்போது நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். காயத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று அதில் இருந்தது. தயவுசெய்து அந்தத் தாளை வரி விடாமல் படியுங்கள்.

அங்கே புதியவர்களுக்கு ஹீல் ஹூக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். குதிகாலைப் பிடித்து முழங்காலை முறுக்கும் பிடி அது. வலி தெரிவதற்குள் தசைநார் கிழிந்துவிடலாம். டேப் அடிக்க, அதாவது 'தோற்றேன், விடு' என்று கையால் தட்ட, நேரமே இருக்காது. தரையில் பிடி போட்டுச் சண்டையிடும் கலையான ஜியு-ஜிட்ஸுவின் சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில், ஆரம்ப நிலையிலுள்ள வெள்ளை, நீலப் பெல்ட்காரர்களுக்கு இந்தப் பிடி தடை. கோச்சிடம் யாரிடம் பிளாக் பெல்ட் வாங்கினீர்கள் என்று கேட்டேன், பேச்சை மாற்றினார். ஜியு-ஜிட்ஸுவில் அந்தப் பெல்ட்டுக்கு சுமார் பத்து வருடம் ஆகும். உண்மையாக வாங்கியவர் தன் ஆசிரியரின் பெயரைத் தயங்காமல் சொல்வார்.

அப்புறம் வேறு இடம் பார்த்தேன். இந்த முறை முதலில் ஓரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கக் கவனித்தேன். ஒருவர் டேப் அடித்ததும் எதிராளியின் பிடி உடனே விட்டதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தேன். விட்டது. சேரப் போனபோது, என் தலையில் அடிபட்ட கதையைக் கேட்ட புது கோச், "டாக்டர் சரின்னு எழுதிக் கொடுக்கட்டும், அதுவரைக்கும் பணம் கட்ட வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்.