“100×180” பைனாகுலர் விளம்பரத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள்

மன்னாரில் வங்காலைக்கும் கட்டுக்கரைக் குளத்துக்கும் வலசை வரும் தாராக்களைப் பார்க்க முதன்முதலாகப் பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். எங்களோடு வரும் பெடியன் ஒருவன் முகநூல் விளம்பரம் பார்த்து வாங்கி ஏமாந்துவிட்டான். “100×180, இரவிலும் பளிச்சென்று தெரியும், 10 கிலோமீற்றர் வரை பார்க்கலாம், பொருள் கைக்கு வந்த பிறகு காசு” என்று போட்டிருந்தார்கள். காசைக் கொடுக்கும்வரை பார்சலைப் பிரிக்க விடவில்லை. பிரித்தால் பெட்டியில் “30×60” என்று இருக்கிறது. விற்றவரிடம் கேட்டதற்கு “அதே சாமான்தான், புது மொடல்” என்றார். அடுத்த அழைப்புக்குப் பதிலில்லை. இலக்கத்தையே தடுத்துவிட்டார்.

அந்த எண்களே பொய்யைக் காட்டிக்கொடுக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 180 என்றால் ஏழு அங்குலம், அதுவும் ஒவ்வொரு குழாய்க்கும். கழுத்தில் தொங்கவிடக்கூடிய பைனாகுலரில் அப்படி ஒரு வில்லை இருக்கவே முடியாது. “இத்தனை கிலோமீற்றர்” என்ற அளவும் பைனாகுலருக்குக் கிடையாது. நிலவு வெறும் கண்ணுக்கே தெரிகிறதே.

வந்ததை அடிமட்டத்தால் அளந்தோம். முன்வில்லை 30 மில்லிமீற்றர். கையை நீட்டி வானத்துக்கு எதிரே பிடித்தால் கண்வில்லையில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அது 4 மில்லிமீற்றர். முன்வில்லையை இந்த வட்டத்தால் வகுத்தால் மடங்கு வரும்: ஏழரை. அதுவும் முழு உண்மையல்ல. கண்வில்லைப் பக்கம் சற்றுத் தள்ளி ரோர்ச் அடித்து, முன்பக்கம் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தோம். தாளில் விழுந்த வட்டம் 22 மில்லிமீற்றர்தான். உள்ளே ஒரு வளையத்தை வைத்து வில்லையின் ஓரத்தை மறைத்திருக்கிறார்கள். மலிவு வில்லையின் ஓரம் படத்தை மங்கலாக்கும் என்பதால் செய்யும் வேலை அது. 22ஐ 4 ஆல் வகுத்தால், 100 மடங்கு என்று விற்றது உண்மையில் ஐந்தரை மடங்கு. நல்ல 8×42 இல் கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டம் ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்று மேல், முழு வட்டமாக இருக்கும். ஓரம் சாம்பல் நிறத்தில் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது மலிவு அரியம் (ஒளியை மடக்கித் திருப்பும் கண்ணாடிக் கட்டி).

மாணிக்கச் சிவப்பில் மின்னும் முன்வில்லையைக் காட்டி “இரவுப் பார்வை” என்பார்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே எல்லாம் பச்சையும் நீலமுமாகத் தெரியும். நீர்ப்பறவை பார்ப்பவருக்கு இதைவிடக் கேடு வேறில்லை. நாமத்தலை வாத்தின் செம்பழுப்புத் தலை கறுத்துப் போகும். ஒக்டோபரில் வந்து இறங்கும் ஆண் நீலச்சிறகித் தாரா பெட்டையைப் போல மங்கிய இறகில்தான் இருக்கும். அது சிறகை விரிக்கும்போது முன்னிறகில் தெரியும் வெளிர் நீலச் சாம்பலை வைத்துத்தான் ஆண் என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் நீலம் ஏற்றிக் காட்டும் கண்ணாடியில் அதை எப்படிப் பிரித்தறிவது?

பெடியனுக்குப் பத்து நிமிடத்தில் தலையிடி வந்தது. கூரியரில் அடிபட்டு ஒரு பக்க அரியம் நகர்ந்திருந்ததுதான் காரணம். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். தூரத்து மின்கம்பியையோ குளக்கட்டின் மேல்விளிம்பையோ பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பத்து சென்ரிமீற்றர் விலக்குங்கள். இரண்டு பக்கக் கோடும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே போனால் வாங்க வேண்டாம். மலிவுச் சாமானில் இதைத் திருத்தும் கூலியே விலையை மிஞ்சும்.

எதை வாங்குவது? 8×42. கை நடுக்கம் தாங்குபவர் 10×42 எடுக்கலாம். அதற்கு மேலே போனால் முக்காலி இல்லாமல் படம் நிற்காது. 10 முதல் 30 வரை மாற்றும் சூம் வகை வேண்டவே வேண்டாம்: பார்வைப் பரப்பு ஒடுங்கும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெரிதாகாது. வெயில் ஏறியபின் வங்காலைத் தரவையில் எழும் கானலை எந்த மடங்கும் வெல்லாது. காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் இடைவெளி (முழுப் படமும் தெரியக் கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம்) 15 மில்லிமீற்றருக்குக் குறையாததாகத் தேடுங்கள். நைதரசன் நிரப்பி, நீர் புகாதபடி அடைத்தது அவசியம். பறவைக் காலமும் மாரி மழையும் ஒன்றாக வரும் இடம் இது. உள்ளே ஈரம் பிடித்தால் அடுத்தது பூஞ்சணம்தான். பழையது வாங்கினால் முன்வில்லை வழியாக ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை ஓடியிருந்தால் அதுதான் பூஞ்சணம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரம் அழிபடுமுன் அதைப் படம் பிடித்து வையுங்கள். பெட்டி, கூரியர் துண்டு, பணம் கட்டிய பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன எண், பெட்டியில் உள்ள எண், நீங்கள் அளந்த எண் மூன்றையும் முறைப்பாட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.