சிஎஸ்சிஆர்: ஓசிடி அறிக்கையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி, சுருக்கமாக சிஎஸ்சிஆர், வந்த கண்ணில் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். மையப் பார்வை மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். விழித்திரையை ஒளியால் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால் மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பல அளவுகள் கிடைக்கும். அவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

அறிக்கையில் பளிச்சென்று தெரிவது மையத் தடிமன். விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவின் நடுவில் 1 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சராசரி அது. கருவியே போட்டுத் தந்துவிடும். இந்த நோயில் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். விழித்திரையின் தடிமனும் அடியில் நிற்கும் நீரின் உயரமும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துகிடக்கின்றன. நீர் நாள்பட்டு நின்றால் விழித்திரையே மெலியத் தொடங்கும். அப்போது நீர் வற்றாமலேயே எண் இறங்கலாம், நோயாளியும் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, கீழ் எல்லைக் கோட்டை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு அடுக்கில் போடுகிறது. பழைய ஸ்ட்ரேட்டஸ் கருவி காட்டும் அளவைவிட ஸ்பெக்ட்ராலிஸ் கருவி காட்டுவது, நலமான கண்ணிலேயே, 50 மைக்ரானுக்கு மேல் கூடுதலாக இருக்கும்.

நீரின் உயரத்தைத் தனியாக அளப்பது மேல். பெரும்பாலும் கையால்தான் கோடு போட்டு அளக்கிறார்கள். இடம் சற்று நகர்ந்தாலும் அளவு மாறும். அதனால் அதே கருவியில், முன்பு எடுத்த அதே இடத்தில் மறு ஸ்கேன் வேண்டும். புதிதாக வந்த சிஎஸ்சிஆர் பெரும்பாலும் 3, 4 மாதங்களில் தானாகவே வற்றும். காத்திருக்கும் அந்தக் காலத்தில் கேள்வி ஒன்றுதான்: நீர் குறைகிறதா? அதற்கு நேராகப் பதில் சொல்வது இந்த அளவு.

கோராய்டு தடிமன் சொல்வது வேறு கதை. விழித்திரைக்குப் பின்னுள்ள இந்த ரத்தநாள அடுக்கைத் தெளிவாகப் படம்பிடிக்கும் ஈடிஐ என்ற ஓசிடி முறை 2008-இல் வந்தது. நலமான கண்ணில் சுமார் 300 மைக்ரான் உள்ள இந்த அடுக்கு, சிஎஸ்சிஆரில் 500-ஐ ஒட்டியும் போகும். நீர் கோக்காத மறு கண்ணிலும் தடித்திருப்பது உண்டு. நோயை அடையாளம் காண நல்ல துணை. ஆனால் வயது ஏறினால் குறையும், கிட்டப்பார்வை இருந்தால் குறையும், ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். ஆகவே ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மருந்தை ரத்தத்தில் செலுத்தி ஒளியால் தூண்டும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சைக்குப் பின் இது இறங்கும். நீர் கசியும் புள்ளியை மட்டும் லேசரால் அடைத்தால், நீர் வற்றினாலும் கோராய்டு பெரும்பாலும் அப்படியே தடித்திருக்கும்.

கோராய்டில் ரத்தநாளங்களின் உட்பகுதி எத்தனை சதவீதம் என்று சொல்லும் சிவிஐ, வயதுக்கு அவ்வளவாக ஆடாது. நலமான கண்ணில் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துத் தனி மென்பொருளில் கணக்கிட வேண்டியிருப்பதால், இப்போதைக்கு ஆய்வாளர்களுக்கே அதிகம் பயன்படுகிறது.

லேசர் வைக்கும் முன் கசிவு எங்கே என்று தெரிய வேண்டும். அதற்கு இந்த நான்கு எண்களும் உதவாது; சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் வேண்டும்.