ராமாயணப் பாட்டுப் படம்: நிழல் உருவமா, 3டியா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ராமாயணத்தை அனிமேஷன் பாட்டுப் படமாக்க நினைப்பவர்கள் நிழல் உருவமாக, அதாவது கருநிழல் வடிவமாக, வரைவதா, 3டியில் செய்வதா என்பதில்தான் திணறுகிறார்கள்.

செலவு: நிழல் உருவத்துக்கு ஒரு கணினியும் நன்றாக வரைபவர் ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். 3டிக்கு மாடலிங் (உருவம் செய்தல்), ரிக்கிங் (அது அசைய உள்ளே எலும்புக்கூடு பொருத்துதல்), லைட்டிங் (ஒளியமைப்பு) என்று தனித்தனி ஆள் தேவை.

பாட்டு: தோல் பாவைகளின் நிழலைத் திரையில் காட்டும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் 21 விளக்குகளின் வெளிச்சத்தில் கம்பன் பாட்டைத்தான் பாடுகிறார்கள். பாவைக்குப் பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். மீதியைக் குரலே சுமக்கும். விருத்தத்தை நின்று நிதானமாகப் பாட அந்த அமைதி எவ்வளவு தோது! 3டியிலோ ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு பொருந்த வேண்டும்.

முகபாவம்: சரி, இதில் 3டிதான். அசோகவனத்தில் சீதையின் கண் கலங்குவது நிழலில் தெரியாது.

திருவிழாவில் திரையிட, பாட்டை முன்னிறுத்த நிழல் உருவம். சின்னப் பிள்ளைகளுக்கு, கையில் பணமும் இருந்தால் 3டி.