புஷ் ஸ்டார்ட் காரும் பச்சைக் களிம்பும்: 5 வருஷ அனுபவம்

மச்சினன் போன வாரம் கேட்டான். "அத்தான், உங்க வண்டியிலேயே டாப் வேரியண்ட் ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது. எடுக்கலாமா?" எடு என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. மைலேஜ், டிக்கி அளவு எல்லாம் அவனுக்கே தெரியும். நான் சொல்லப்போவது சாவியைத் திருகாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்கிற பட்டனையும், நிற்கிற வண்டியின் ஸ்டீயரிங்கைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்கும் பூட்டையும் பற்றி மட்டும்தான்.

நான் இருப்பது செங்கோட்டையில். 84,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போன ஓட்டம். 1956 நவம்பர் வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. வைத்தியத்துக்கு மலையைத் தாண்டுவது எங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பழக்கம். மழையில் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அம்மாவின் கை. சாவி பாக்கெட்டிலேயே கிடக்கும். கைப்பிடியில் உள்ள கறுப்புப் பொத்தானைத் தொட்டால் கதவு திறக்கும். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால், ஸ்டீயரிங்குக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு சின்ன மோட்டார் பூட்டின் ஆணியை உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம் அது. அப்புறம் இன்ஜின். நான்கு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. இந்த வசதியைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்வேன்.

போன வருஷம் ஜூனில் சாரல் தொடங்கிய இரண்டாவது வாரம், காலை ஆறு மணிக்கு அந்த 'டக்' வரவில்லை. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, ஸ்டீயரிங் அசையவில்லை. ஐந்தாறு முறை அழுத்திய பிறகு பூட்டு விட்டது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் ஆரியங்காவில், கோயிலுக்குப் பக்கத்தில், அம்மாவை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றேன்.

சர்வீஸ் சென்டரில் முதலில் சாவியின் 2032 பேட்டரியை மாற்றினார்கள். சாவியில் கோளாறு என்றால் 'சாவி இல்லை' என்று திரையில் வரும். அது ஒரு நாளும் வந்ததில்லை. அடுத்து பெரிய பேட்டரி. பழையது 12.5 வோல்ட் காட்டிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது முறை ஸ்கேனரில் ஸ்டீயரிங் பூட்டுக்கான பிழைக் குறியீடு (எரர் கோட்) வந்தது. உடனே, பூட்டையே மாற்ற வேண்டும், சாவிகளோடு சேர்த்து கோடிங் செய்ய வேண்டும் என்று முப்பதாயிரத்தை ஒட்டி எஸ்டிமேட். பூட்டிலிருந்து 'திறந்துவிட்டேன்' என்ற பதில் கம்ப்யூட்டருக்கு வரவில்லை, அந்தக் குறியீடு சொல்வது அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதை மனுஷன்தான் பார்க்க வேண்டும். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

பார்த்தது எங்கள் ஊரின் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி. பொருளைத் தொடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கேள்வி மட்டும் கேட்டார். சத்தம் வந்தும் ஸ்டீயரிங் விடவில்லையா, சத்தமே வரவில்லையா? சத்தம் வந்து விடவில்லை என்றால், சக்கரம் கல்லில் முட்டி ஆணி இறுகியிருக்கலாம். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினால் போதும், அது கோளாறே இல்லை. சத்தம் வந்து ஸ்டீயரிங்கும் விட்டு, இன்ஜினுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை என்றால், பூட்டுக்குள் ஆணியின் நிலையைச் சொல்லும் சின்ன சுவிட்சைச் சந்தேகப்பட வேண்டும். பிரேக்கை மிதித்தும் பட்டனில் பச்சை விளக்கு வராவிட்டால், பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் சுவிட்சு போயிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. என் வண்டியில் பச்சை வருகிறது, சத்தம்தான் இல்லை. அப்படியென்றால் மோட்டாருக்குப் போகிற கரண்டைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினார். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்கினுடையவை, அவற்றின் பக்கமே கை போகவில்லை. பூட்டுக்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட். "மீட்டர் பொய் சொல்லாது தம்பி, ஆனா லோடு இல்லாம பாத்தா முழுசாவும் சொல்லாது" என்று, மோட்டார் மாதிரி கரண்ட் இழுக்கிற லோடாக, ஒயர் கட்டிய 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே இரண்டு முனைகளில் வைத்தார். பல்பு எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி சிவப்பாக மினுங்கியது. எர்த் முனையில், அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் முனையில், இருந்த ஒயரை மட்டும் எடுத்து வண்டியின் இரும்பில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. ஒயரும் சரி, பேட்டரியும் சரி. எர்த்தில்தான் வினை.

டிரைவர் கால் பக்கத்து பிளாஸ்டிக்கை நெம்பி எடுத்தபோது கார்பெட்டுக்கு அடியில் ஈரம். எர்த் போல்ட்டைச் சுற்றி, பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் படிகிற மாதிரி பச்சைக் களிம்பு. வைப்பருக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் துவாரத்தைப் புளிய இலைகள் அடைத்திருந்தன, சாரல் தண்ணீர் அங்கிருந்து உள்ளே வழிந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, வாஸ்லின் தடவினார். ஸ்கேனரில் காட்டிய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டுப் பட்டனை அழுத்தியதும் 'டக்'. கூலி 600 ரூபாய். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தச் சாரலிலும் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

நியாயமாகச் சொன்னால் பூட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதைக் கழற்றிவிட்டு, பூட்டு திறந்துவிட்டதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் ஏமாற்றுக் கருவி மாட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார், மறுத்துவிட்டேன். திருட்டுக்கு எதிராக இருக்கும் ஒரு காவலை நாமே எடுத்துப் போடக் கூடாது. வண்டி ஓடும்போது பூட்டு விழுந்துவிடுமே என்று அவர் பயமுறுத்தினார். ஓட்டத்தில் அந்த மோட்டாருக்குக் கரண்டே போகாதபடிதான் அமைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மச்சினனுக்கு என்ன சொல்ல? அந்த ஆரியங்காவு நாற்பது நிமிஷம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல், மாத்திரை டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பல்பு வைத்துப் பார்க்கிற வேறு ஆள் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை, நீ சாவி போட்டுத் திருகுற வேரியண்டையே எடு.