90 நாளில் முதல் பக்கம் என்று சொன்ன எஸ்இஓ ஆளிடம் ஏமாந்த கதை

ஆத்தங்குடி டைல்ஸ் போடும் பட்டறை எங்களுடையது. அப்பா ஆரம்பித்தது. முன்பெல்லாம் கொத்தனாரும் மேஸ்திரியும் கூட்டிவரும் ஆட்கள்தான் வாடிக்கையாளர்கள். இப்போது பாதி ஆர்டர் பெங்களூர், கொச்சி ஆர்க்கிடெக்டுகளிடமிருந்து வருகிறது. அவர்கள் கூகுளில் தேடித்தான் எங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். வெப்சைட்தான் எங்களுக்குக் கடைவாசல். அந்த வாசலை, கூகுள் தேடலில் முன்னால் கொண்டுவருகிற வேலை (அதுதான் எஸ்இஓ) செய்யும் ஒருவரிடம் நம்பி ஒப்படைத்ததில் ஏழு மாதத்தில் 1,26,000 ரூபாய் போயிற்று. பணத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆளின் பெயரையும் கம்பெனிப் பெயரையும் சொல்லப் போவதில்லை. வேறு பெயரில் இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். செய்கிற விதம் தெரிந்தால் போதும்.

அவராகவேதான் போன் செய்தார். "சார், உங்க வெப்சைட்ல 47 எரர் இருக்கு, அதனாலதான் கூகுள் உங்களைக் கீழே தள்ளுது" என்றார். உடனே வாட்ஸ்அப்பில் சிவப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு அறிக்கையும் வந்தது. எந்த வெப்சைட் முகவரியைக் கொடுத்தாலும் இப்படி ஒரு அறிக்கையைத் துப்புகிற இலவசக் கருவிகள் இருக்கின்றன என்பது அன்று எனக்குத் தெரியாது. 90 நாளில் முதல் பக்கம், கியாரண்டி என்றார். மாதம் 18,000, மூன்று மாதம் அட்வான்ஸ். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் கூட வரும் சார், எதுக்கு?" என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கையில் பில் இல்லாததால் பிறகு எங்கே போய் நின்றாலும் என் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் போனது.

அவருடைய கார்டில் 'கூகுள் பார்ட்னர்' என்று ஒரு முத்திரை இருந்தது. கூகுளே அனுப்பிய ஆள் மாதிரி நினைத்துவிட்டேன். அந்த பார்ட்னர் திட்டம் கூகுளில் விளம்பரம் கொடுத்து நடத்துகிற நிறுவனங்களுக்கானது. தேடலில் முன்னால் வருவதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. நாம் கேட்காமலே வந்து நிற்கும் எஸ்இஓ நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும் அதே பக்கம் சொல்கிறது. முதலில் அதைப் படித்திருந்தால் அந்த போனை அன்றே வைத்திருப்பேன்.

மாதா மாதம் பிடிஎஃப் வந்தது. 25 தேடல் வார்த்தைகள், எல்லாவற்றுக்கும் நேரே பச்சை அம்பு, பாதிக்கு மேல் முதலிடம். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் போன் வருவது மட்டும் குறைந்துகொண்டே போனது. கேட்டபோதெல்லாம் "சீசன் டல் சார்" என்றார். வீடு கட்டுகிறவர்களுக்கு ஆடி மாதம் டல்தான், சரி. தை பிறந்தும் டல் என்றால்?

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் அந்த பிடிஎஃப்பைப் பார்த்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை அவனுக்கு. சாப்பிட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "மாமா, இதுல முதல் எட்டு நம்ம கடைப் பெயர்தான். கடைப் பெயரைப் போட்டுத் தேடினா நம்ம கடை வராம வேற யாருது வரும்?" என்றான். மற்றவை 'ஹேண்ட்மேட் ஆத்தங்குடி ஃப்ளோர் டைல்ஸ் மேனுஃபேக்சரர் நியர் காரைக்குடி சிவகங்கை டிஸ்ட்ரிக்ட்' என்கிற மாதிரி ஒரு முழ நீளத்துக்கு இருந்தன. எந்த மனிதரும் இப்படித் தட்டித் தேடமாட்டார். யாரும் போட்டிபோடாத வார்த்தையில் முதலிடம் தானாக வரும். 'ஆத்தங்குடி டைல்ஸ் விலை' என்று அவனே தேடிக் காட்டினான். நாங்கள் நாலாவது பக்கத்தில் கிடந்தோம். முந்தின வருஷம் முதல் பக்கத்தின் அடியிலாவது இருந்தோம்.

"சர்ச் கன்சோலைத் திறங்க மாமா" என்றான். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கூகுள் இலவசமாகத் தரும் கணக்குப் புத்தகம் அது. என்ன வார்த்தையைத் தேடி எத்தனை பேர் நம் தளத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். பிடிஎஃப்பில் யாரும் எதையும் எழுதலாம், இதில் முடியாது. எங்களுக்கு அதன் அனுமதியை அந்த ஆள் கொடுக்கவே இல்லை. கேட்டதற்கு "அது டெக்னிக்கல் சார், உங்களுக்குக் குழப்பமா இருக்கும்" என்றார். வெப்சைட் ஃபைல்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு நல்ல வேளையாக எங்கள் கையில் இருந்தது. மருமகன் ஒரு சின்ன ஃபைலை அதில் ஏற்றி, நாங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபித்து உள்ளே போனான்.

உள்ளே கூகுளின் நோட்டீஸ் இரண்டு மாதமாகக் காத்திருந்தது. 'மேனுவல் ஆக்ஷன்'. கூகுளின் ஆட்களே தளத்தைப் பார்த்து எடுத்த தண்டனை நடவடிக்கை. காரணம், மற்ற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் லிங்குகள் இயல்பானவை அல்ல. பட்டியலைத் திறந்தால் சூதாட்டத் தளம், மாத்திரை விற்கும் தளம், ரஷ்ய மொழியில் ஏதோ ஒரு தளம் என்று நூற்றுக்கணக்கில். எல்லாம், நிறைய தளங்கள் நம்மைச் சுட்டினால் கூகுள் முன்னால் கொண்டுவரும் என்ற கணக்கில் காசுக்கு மொத்தமாக வாங்கிய லிங்குகள். 2012 ஏப்ரலில் கூகுளின் தேடல் முறையில் 'பெங்குவின்' என்ற மாற்றம் வந்ததிலிருந்தே இந்த வேலைக்குக் கூகுள் ஆப்பு வைக்கிறது. அதற்கு முந்தின வருஷம் அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்கும் இதேதான் நடந்தது. நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை வெளியே கொண்டுவர, கூகுள் அந்தப் பெரிய கடையையே கீழே இறக்கியது.

இதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று. எங்கள் பெயரில் முப்பதுக்கு மேல் கட்டுரைகள் எழுதிப் பல தளங்களில் போட்டிருந்தார் அந்த ஆள். கொச்சியில் பழைய வாடிக்கையாளர் ஒரு ஆர்க்கிடெக்ட். அவர் ஒரு நாள் கூப்பிட்டு, "நீங்களும் மெஷின் டைல்ஸுக்கு மாறிட்டீங்களா? சூளையில் சுட்டு எடுப்பதாகப் போட்டிருக்கிறதே" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

ஆத்தங்குடிக் கல் நெருப்பையே பார்ப்பதில்லை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளில் கலந்துவிடும், கல் வீண். மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட், அதன்மேல் ஈரக் கலவை. இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். கண்ணாடியை விட்டு எடுக்கும்போதே முகம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. எங்களிடம் இருபது வருஷமாகக் கலவை ஊற்றுகிற அக்காவிடம் அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "சுடுறாகளா? யாருண்ணே சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ஆள் ஏழு மாதத்தில் ஒரு தடவைகூடப் பட்டறைக்கு வந்ததில்லை.

நிறுத்துகிறோம் என்று சொன்னதும் கடைசி அடி விழுந்தது. டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், புதுப்பிக்க வேண்டும் என்று முன்பு ஒரு ஓடிபி கேட்டார், கொடுத்தேன். அப்போது டொமைனையே தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். திரும்பக் கொடுக்க 40,000 கேட்டார். பேசிப் பேசி 15,000 கொடுத்து மீட்டேன். கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்வீர்கள். அந்தப் பெயர்தான் எங்கள் விசிட்டிங் கார்டிலும் லாரி ஏறுகிற ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையின் பிரதான உரிமையாளராகவும் அவரையே போட்டிருந்தார். அதைக் கூகுளில் கோரிக்கை வைத்து காசில்லாமல் மீட்டோம்.

லிங்குகளைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. எடுக்கச் சொல்லித் தளம் தளமாக மெயில் போட்டோம், எடுக்காதவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளிடம் பட்டியல் கொடுத்தோம், அப்புறம் மறுபரிசீலனை மனு. முதல் மனு தள்ளுபடி. இரண்டாவதில் தண்டனையை எடுத்தார்கள். பழைய இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது வேறொருவரிடம் வேலை போகிறது. அவரை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்கிறேன். முன்பு அவர் வேலை செய்த இரண்டு கடைக்காரர்களிடம் நானே பேசினேன். முதல் நாள் அவர் பாஸ்வேர்டு கேட்கவில்லை. சர்ச் கன்சோலைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டார், எதையும் மாற்றுகிற அனுமதி வேண்டாம் என்றார். பட்டறைக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, போனில் ஆட்கள் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதிக்கொண்டார். எட்டு இஞ்ச் கல் ஒரு சதுர அடிக்கு எத்தனை பிடிக்கும் (இரண்டேகால்), வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா. இவற்றுக்குப் பதில் எழுதி, படம் எடுத்துப் போடுவதுதான் முதல் வேலை என்றார். பலன் தெரிய நாலு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம், முதலிடம் என்று வாக்குத் தரமாட்டேன் என்றார். கூகுள் சொல்லும் கணக்கும் அதேதான். ஒவ்வொரு மாதமும் என்ன செய்தார் என்பது எழுத்தில் வருகிறது, ஜிஎஸ்டி பில்லோடு. டொமைன், ஹோஸ்டிங், மேப், சர்ச் கன்சோல் எல்லாம் என் மெயில் ஐடியில். ஓடிபி யார் கேட்டாலும் கிடையாது.

சூளையில் சுட்ட கல் என்று எங்கள் பெயரோடு மூன்று தளங்களில் இன்னும் கிடக்கிறது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. கொச்சிக்காரருக்கு மட்டும், கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரித்து எடுப்பதை வீடியோ எடுத்து அன்றே அனுப்பினேன். போன வாரம் 600 சதுர அடிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்.